கோடு வரைக்கும்

குடத்தின் அடியில் கம்பெனி பெயர் இருக்கும்,
அம்புகள் ஒன்றையொன்று துரத்தும் முக்கோணம் இருக்கும்.
வரைந்தவர் பெயர் இருக்காது.
ரூபி ஞானதிரவியம் என்றால்
பேட்டை எஸ்டேட்டில் நாலு பேர் நிமிர்ந்து பார்ப்பார்கள்.
அதில் ஒருத்தன் நான்,
டை ஃபிட்டர் மைதீன்பிச்சை.
இருபத்தாறு வருஷம்
அந்தம்மா பென்சிலில் இழுத்ததை எஃகில் வெட்டினேன்.

முதல் வேலையே குடம்தான்.
பாளையங்கோட்டைக்காரர், வடக்கே போய் டிசைன் படித்துவிட்டு
லாரித் தண்ணீர் வந்த வருஷம் திரும்பியிருந்தார்.
மேலப்பாளையத்தில் விடியற்காலை நாலு மணிக்கு
தையல்காரர் டேப்போடு நின்று
பெண்களின் இடுப்பை அளந்தார்.
"என்னம்மா, பாவாடையா தைக்கப் போறிய?"
தெருவே சிரித்தது.
என் மனைவி மட்டும் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.
அப்போது ஏழு மாசம்.
அந்த இடுப்பும் கணக்கில் சேர்ந்தது.

வட்டத்தை ஒரு பக்கம் உள்ளே தள்ளி
இடுப்பு உட்கார இடம் பண்ணினார்.
முதலாளி கண்ணுக்கு அது நசுங்கின குடம்.
"செய்யும்போதே நெளிசல் போட்டா எவன்வே வாங்குவான்?"
எவனும் வாங்கவில்லை.
பெண்கள் வாங்கினார்கள்.

கோடு என்னுடையது.
கழுத்துக்கு நாலு விரல் கீழே உளி சறுக்கியது.
அச்சில் பள்ளமாய் விழுந்தது
குடத்தில் மேடாய் எழுந்து நிற்கும், மயிர் கனத்தில்.
ராத்திரி முழுக்கத் தேய்த்தும் போகவில்லை.
புது அச்சுக்குப் பணமில்லை.
அந்தம்மா நகத்தால் தடவிப் பார்த்துவிட்டு
"சரி, ஓட்டுங்க" என்றார்.
திட்டியிருக்கலாம்.

அப்புறம் எத்தனையோ.
முக்கூடல் பீடிக்காரப் பெண்களுக்கு மடியில் வழுக்காத தட்டு,
ரேஷன் கடை மண்ணெண்ணெய்ப் புனல்,
ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குச்
சொல்லக் கூச்சமான ஒரு பாத்திரம்.
அதற்காக மூன்று நாள் வார்டில் படுத்துக் கிடந்தார்.
அந்தப் பாத்திரத்துக்குத்தான் டெல்லியில் பரிசு.
போட்டோவில் அதை இரண்டு கையிலும் ஏந்தியிருப்பார்,
கபடிக் கோப்பை ஜெயித்தவர் மாதிரி.

குடத்தைப் பார்த்துக் குடம் செய்தார்கள்,
மதுரையில், சேலத்தில், ராஜ்கோட்டில்.
வளைவைத் திருடினார்கள், சரி.
என் கோட்டையும் சேர்த்தே திருடினார்கள்.
இது எதற்கு என்று கேட்க
ஒருவனுக்கும் தோன்றவில்லை.

கோட்டுக்கு வேலையும் வந்துவிட்டது.
தண்ணி வண்டிக்காரன் வாய் வரைக்கும் அஞ்சு ரூபாய் என்றான்,
கோடு வரைக்கும் நாலு.
குழாயடியில் வீட்டுக்கு மூணு குடம்,
கோடு வரைக்கும், என்று தீர்ப்பானது.
களக்காட்டுப் பக்கம்
கோட்டுக்கு மேலே ஊற்றிக்கொண்டதற்கு ஒரு மண்டை உடைந்தது.

பேப்பரில் அதைப் படித்த அன்றே பட்டறைக்கு வந்தார்.
"மைதீன், கோடில்லாம ஒரு அச்சு வெட்டுங்க."
வெட்டினேன்.
என் கை அவ்வளவு சுத்தமாய் அதற்குமுன் ஓடினதில்லை.

விற்கவில்லை.

போன மாசம் பாளை மார்க்கெட்டில் ஒரு கடை.
மூலையில் எங்கள் குடங்கள்,
தூசியோடு, பாதி விலையில்.
கடைக்காரப் பையன் எடுக்கவிடவில்லை.
"அது டூப்ளிகேட்டு. கோடு இல்ல பாருங்க."
வேறொன்றை இறக்கி
கழுத்துக்கு நாலு விரல் கீழே நகத்தை ஓட்டினான்.
கிர்ரென்றது.
"இதுதான் கம்பெனி சரக்கு."

அந்தம்மா என்னைப் பார்த்தார்.
நான் தொங்கிக்கொண்டிருந்த வாளிகளைப் பார்த்தேன்.
பிறகு பர்ஸைத் திறந்தார்,
ராஜ்கோட் குடத்துக்குப் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லி
பேரமும் பேசினார்.
வெளியே வந்து வெயிலில் நின்றபடி
இடுப்பில் வைத்து, எடுத்து, மறுபடி வைத்தார்.

"ஒரு நூல் ஆழமா வெட்டியிருக்கான், மைதீன்.
நாம அன்னைக்கே வெட்டியிருக்கணும்."