ஒன்பதே முக்கால்

கமன்ஜாப் போகும் மண்சாலையில் ஒரு குடு மான்
என் லேண்ட் குரூசரின் இடக்கண்ணைப் பிடுங்கிப் போனது.
மிஞ்சிய வலக்கண்ணுக்கோ முன்பே காமாலை.

"பல்பைத் திட்டாதே" என்றாள் வெமூனா,
மோபானிக் குச்சியால் பானெட்டுக்கு முட்டுக் கொடுத்தபடி.
மீட்டரை வைத்துக் காட்டினாள்:
பேட்டரியில் பன்னிரண்டரை.
விளக்குக்கு வந்து சேர்வது ஒன்பதே முக்கால்.
மீதியை எண்பத்துநான்காம் வருடத்துக் கம்பி
வழியிலேயே தின்றுவிடுகிறது,
எங்கள் கூட்டுறவுச் சங்கப் பொருளாளர் போல.

புது விளக்கு ஜோடி, கனத்த கம்பி, இரண்டு ரிலே, ஒரு ஃபியூஸ்.
ஆடொன்று இன்சுலேஷன் டேப்பை மென்று பார்த்துத் துப்பியது.
இருட்டியதும் கசாப்புக்கடைச் சுவரில் அடித்துப் பார்த்தோம்.
இன்னும் இரண்டு திருகு கீழே, என்றேன்.
எதிரே வருகிறவனும் பிள்ளைகுட்டிக்காரன்.

பதினோரு வருடம்
கண்ணை மூடிக்கொண்டு ஓட்டிய சாலை.
வறண்ட ஆற்று வளைவில் ஹை பீம் போட்டேன்.
இரு பக்கமும், முள்மரத்துக்கு முள்மரம்,
பச்சைப் பச்சையாய்க் கண்கள்.

எந்த ராத்திரி இவை இங்கே இல்லாமல் இருந்தன?

எண்பதில் போன வண்டி
தானாக நாற்பதுக்கு வந்தது.
பின்னால் கேஸ் சிலிண்டர்கள் மட்டும்
மெல்ல ஒன்றையொன்று இடித்துக்கொண்டன.