எட்டு மணி நாற்பத்தைந்து நிமிஷம்

படிவம் என்னைப் படர்க்கையில் எழுதச் சொல்கிறது,
நூறு சொல்லுக்குள்.
"பியூலா, தண்டையார்பேட்டையில்
இணையதளங்களைக் குடிவைக்கும் தொழில் செய்கிறார்."
வாடகைக்கு வீடு பார்த்துத் தருகிற
யாரோ ஒரு அக்கா மாதிரி இருந்தாள்.
அழித்தேன்.
அதைத்தானே செய்கிறேன் என்று
திரும்ப அடித்தேன்.
இருநூற்றுப் பன்னிரண்டு குடித்தனம்:
ஐஸ் ஃபேக்டரி, ராயபுரத்துச் சபைகள் இரண்டு,
மணலி லாரி புக்கிங்,
செத்தவர் படத்தோடு இரங்கல் போடும் தளம் ஒன்று.
அதற்குத்தான் கூட்டம் அதிகம்.

இன்று கடைசி நாள். மணி பத்தே கால்.

தலைப்பு, எண்பது எழுத்துக்குள்.
மற்றவர்கள் என்ன கொடுப்பார்கள், தெரியும்.
கிண்டி நட்சத்திர ஓட்டலில் குளிரும் அரங்கில்
மேகம், மேகத்துக்கு மேல் மேகம்.
எனக்குத் தெரிந்த மேகம்
அன்று எண்ணூர்ப் பக்கம் கறுத்துக் கிளம்பியதுதான்.

தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பது சதவீதம்
உயிரோடு இருப்போம் என்று
நாங்களும் போர்டில் எழுதியிருக்கிறோம்.
மிச்சமிருக்கும் புள்ளி ஒன்றை
யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.
வருஷத்துக்கு எட்டு மணி நாற்பத்தைந்து நிமிஷம்.
அதை நான் ஒரே ராத்திரியில் செலவழித்தேன்.
அதைப் பேசுகிறேன், என்று எழுதினேன்.

தண்ணீர் வாசல் வழியாக வராது,
முதலில் கக்கூஸ் வழியாக வரும் என்பதை.
டீசல் கேனைத் தலையில் வைத்துத்
தணிகாசலம் அண்ணன் மாடி ஏறியதை.
காசிமேட்டு மீன்பெட்டிகளில்
சர்வர்களை அடுக்கித் தூக்கியதை.
(ஒரு வாரம், விசிறி சுற்றும்போதெல்லாம் வஞ்சிர வாசம்.)
"ஆமாம், படுத்துடுச்சு. எப்ப எழும், தெரியல" என்று
விடிய விடிய நாற்பது பேரிடம் சொன்னதை.
மறுநாள் முகூர்த்தம் வைத்திருந்த மண்டபக்காரரிடம் மட்டும்
அரை மணியில் வந்துவிடும் என்றேன்.
வரவில்லை.
நாற்பது பேரும் இன்னும் இருக்கிறார்கள்.
அவர் காலி செய்துவிட்டுப் போய்விட்டார்.

முன்னூறு சொல்தான் கொள்ளும். நாற்பது அதிகம்.
வஞ்சிரத்தை எடுத்தேன்.
திரும்பப் போட்டேன்.
மழையை எடுத்தேன். தண்ணீர் இருக்கிறதே, போதும்.

கேட்போர் நிலை: தொடக்கம், இடை, உயர்.
முழங்கால், இடுப்பு, கழுத்து என்று படித்தது கண்.
இடையைத் தட்டினேன்.
பயண உதவி தேவையா?
தெருமுனையில் மெட்ரோ ஏறினால் கிண்டி. வேண்டாம்.
முன்பு மேடையில் பேசியதுண்டா?
சபையில் சாட்சி சொல்லியிருக்கிறேன், இரண்டு முறை.
இல்லை என்று குறித்தேன்.

இணைப் பேச்சாளர் இருந்தால்.

கை நின்றது. போன் போட்டேன்.
"இன்னாமா இந்நேரத்துல, கரண்ட் போச்சா?"
போகலண்ணே. மேடையில பேச வரீங்களா?
கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும்.
"கோட்டு போடணுமா?"

அவருடைய மின்னஞ்சல் முகவரியைக் கேட்டது படிவம்.
கிடையாது.
ஊருக்கெல்லாம் பெட்டி வைத்துத் தந்தவள்
பதினோரு வருஷமாகக் கூட இருக்கிற மனுஷனுக்கு
பதினொன்றே முக்காலுக்கு ஒரு பெட்டி திறந்தேன்.
கடவுச்சொல் என்ன வைக்க?
ஜெனரேட்டரின் சீரியல் நம்பரை
விக்காமல் ஒப்பித்தார்.

அனுப்பினேன். வட்டம் சுற்றியது.
சுற்றும் வட்டத்துக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து
எனக்குப் பழக்கமில்லை.
நன்றி, ஆறு வாரத்தில் தெரிவிக்கிறோம் என்றது.
அதே வரி அவர் பெட்டிக்கும் போயிருக்கும்,
முதல் கடிதமாக.

பன்னிரண்டுக்கு இரண்டு நிமிஷம் இருக்க
அவரே கூப்பிட்டார்.
"அந்த மண்டபக்காரர் மேட்டரையும் எழுதினியா?"
எழுதினேன்.
"நல்லது. அத நீ பேசு."