இருநூறு கஜம்

லைசென்ஸ் வர இரண்டு வருஷம் ஏழு மாதம்.
அதற்குள் என் பூட்டை உடைத்தவன்
வேறு வழக்கில் உள்ளே போய், வெளியே வந்து,
காசிமேட்டில் வலை பின்னுகிறான் என்று கேள்வி.

ஐஸ் டெப்போ பணம்
வெள்ளி, சனி ராத்திரிகளில் என்னோடு தூங்கும்.
ஞாயிறு விடிந்து லாரிக் கணக்கு முடிந்தால்தான் அது கிளம்பும்.
அதற்காகத்தான் மனு.
அதற்காகத்தான் இன்ஸ்பெக்டர் வந்து உட்கார்ந்து
பொம்பள, தனியா, துப்பாக்கி என்று
ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியே சொல்லிப் பார்த்தது.

புதுசுக்கு வசதியில்லை.
காலடிப்பேட்டையில் சுபேதார் எத்திராசுலு
பழசு ஒன்றைக் கழிக்கிறார் என்றார்கள்.

நாடாக் கட்டில். விரித்த தினத்தாள்.
அதன்மேல் படுத்திருந்தது.
"அச்சு பட்டாளத்துது. குழாய் மட்டும்தான் சிவிலுக்கு."
எண்ணெய் குடித்துக் குடித்துக் கட்டை
புளிக்கரைசல் நிறத்தில்.
கன்னம் படியும் இடத்தில்
யாரோ ஒருவரின் மழுமழுப்பு.

தூக்கினேன். நாலு கிலோ.
நாலு கிலோ வஞ்சிரத்தை ஒற்றைக் கையில் பிடித்து
விலை பேசியிருக்கிறேன்.
இது பேசவிடவில்லை.

தாழை இழுத்தார், தள்ளினார், மடக்கினார்.
இத்தனை வாடகை வீடுகளில்
ஒரு தாழ்ப்பாளும் இவ்வளவு சுத்தமாக விழுந்ததில்லை.

துரு இருக்கா என்றேன்.
குழாயை ஜன்னலுக்குக் காட்டி, பார் என்றார்.
உள்ளே சுருள் சுருளாக வெளிச்சம்,
கடைசியில் ஒரு காலணா அளவு வானம்.

பிறகு பின்குறிப் பட்டையை நிமிர்த்தினார்.
வரிசையாக எண்கள். முதல் எண் இருநூறு.
"என்ன இருநூறு?"
"கஜம்மா."
"அதுக்குக் கீழ?"
"அதுக்குக் கீழ எவனையும் வரவுட மாட்டோம்மா நாங்க."

செருப்பு மாட்டும்போதுதான் கேட்டேன்:
"சுவத்துல நின்னுடுமா?"
"இன்னா சுவரு?"
"ஹாலோ பிளாக்."
தரையைப் பார்த்தார்.
"நிக்காது."
"பக்கத்து வூட்ல?"
"அங்கயும் நிக்காது. அதுக்கப்புறம் சொல்ல முடியாது."

நாகூரான் தோட்டத்தில் என் வீடு
வாசலிலிருந்து பின்சுவர் வரை பதினேழு அடி,
ஃப்ரிட்ஜையும் சேர்த்து.
ஆறு கஜம்கூடத் தேறாது.
அன்று ராத்திரி துடைப்பத்தைத் தோளில் வைத்துக்
குறி பார்த்தேன்.
வாசல் பக்கம் என்றால் எதிர்வீட்டு மாடிப்படி,
அதில் எந்நேரமும் போன் பேசும் பையன்.
அடுப்படிப் பக்கம் என்றால்
பில்கீஸின் தொட்டில்,
அதைத் தாண்டி தனசேகரின் மீன்தொட்டி,
அதையும் தாண்டி ரொசாரியோ வீட்டு வாஷிங் மெஷின்,
இன்னும் நாலு தவணை பாக்கி.
துடைப்பத்தை மூலையில் சாத்தினேன்.
சாத்தியபின் ஏனோ கையைக் கழுவினேன்.

பணம் இப்போது நெத்திலிக் கருவாட்டுக் கூடைக்கு அடியில்.
வங்கியில் நோட்டை எண்ணும் பெண்
மூக்கைச் சுளிக்கிறாள்.

எத்திராசுலு போன் செய்தார்.
எலக்ஷன் வருதாம்.
மறுபடி பெட்ஷீட்டில் சுற்றி
ஸ்டேஷனுக்குத் தூக்கிப்போய் ஒப்படைக்கணுமாம்.
இடுப்பு ஒத்துழைக்கவில்லை,
ஐயாயிரம் குறைத்துக்கொள்கிறேன் என்றார்.
பாக்கலாம் சார் என்றேன்.
லைசென்ஸில் ஆயுத விவரம் என்ற கட்டம்
இன்னும் காலி.

நேற்று இரண்டரை மணிக்கு
கூரைத் தகரத்தில் கால் வைக்கிற சத்தம்.
எழுந்து நின்றேன், வெறுங்கையோடு.
மூச்சுகூட விடவில்லை.
பின், சுவரில் இரண்டு தட்டு.

அந்தப் பக்கம்
தொட்டில் கொக்கியின் கிறீச் நின்றது.
"இன்னாக்கா," என்றாள் பில்கீஸ்
என் காதுக்குள் இருந்து பேசுகிறாற்போல,
"பூனையா, ஆளா?"