மூன்றாம் கிளை

புகார் இப்படி வந்திருந்தது:
"பேருந்து நிறுத்தத்துக்கு மேலே, மரத்தில் செத்த செடிகள்.
அசிங்கமாக இருக்கிறது. அகற்றவும்."
கூடவே ஒரு படம்.
படத்தின் ஓரத்தை மறைத்தபடி யாருடையதோ கட்டைவிரல்.

தெம்பனிஸ். பிப்ரவரி.
பத்தொன்பது நாளாக மழை இல்லை.
ஹஃபீஸ் என்னைப் பதினோரு மீட்டர் உயரத்துக்கு ஏற்றுகிறார்,
கூண்டு ஒருமுறை குலுங்கி நிற்கிறது.
கீழே புல் மட்டும் பழுத்திருக்கிறது.
மற்றபடி இந்த ஊருக்குத் தாகம் தெரியாது,
குழாய் இருக்கிறது.

தூங்குமூஞ்சி மரத்தின் மூன்றாம் கிளை.
இங்கே மண் கிடையாது.
எவ்வளவு கொட்டினாலும் மழை
பட்டையில் வழிந்து ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடும்.
பிறகு வெயில்,
வெயிலும் காற்றும் லாரிப் புகையும்.
இத்தனை பச்சைக்கு நடுவே
ஓர் ஆள் படுக்கும் அகலத்தில் ஒரு பாலை.

பாலை தனி நிலமல்ல, வேறு நிலம் வறண்டால் வருவது என்று
தேர்வுக்கு மனப்பாடம் செய்திருந்தேன்.
அது பேருந்து நிறுத்தத்துக்கு மேலே
குந்தியிருக்கும் என்று
எந்த வினாத்தாளும் கேட்கவில்லை.

நாணயம் நாணயமாய் ஒட்டியிருக்கும் இந்தச் சிறு பெரணி
பகலில் வாயே திறப்பதில்லை.
எல்லாத் துளைகளையும் சாத்திக்கொள்கிறது,
இருட்டிய பிறகுதான் மூச்சு வாங்குகிறது.
சாங்கியில் இரவுப்பணி முடித்துவந்து
திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுக்கும்
என் கணவனைப் போல.

அதற்கு மேலே, பழுப்பு இலைகள்.
புகாரில் செத்தவை இவைதான்.
சாகவில்லை என்றும் சொல்ல முடியாது.
காய்ந்த பிறகே அவற்றுக்கு வேலை தொடங்குகிறது:
விழும் சருகைப் பிடித்துவைக்கும், தூசியைப் பிடித்துவைக்கும்,
இல்லாத மண்ணைப் பிடிபிடியாய்ச் சேர்க்கும்.

பக்கத்தில் ஒரு கொடி. இலை பைபோல.
உள்ளே எறும்புக் குடித்தனம்.
கொடி தன் இலைக்குள்ளேயே வேரை விட்டு
அவை கொட்டும் குப்பையைத் தின்கிறது,
அவை விடும் மூச்சையும் வீணாக்குவதில்லை.
வாடகை வசூலிப்பதில் அசல் சிங்கப்பூர்க்காரி.

பட்டையோடு பட்டையாய்ப் பறக்கும் ஓணான் ஒன்று
தொண்டையின் மஞ்சள் கொடியை
விரித்தது, மடித்தது.
என்னிடம் சொன்னதா தெரியவில்லை.

புறா ஆர்க்கிட் மட்டும்
வெறும் குச்சியாய் நின்றது.
இலையும் பாதி உதிர்ந்து,
கணுவில் கடுகளவு மொட்டு, அதுவும் தூக்கத்தில்.

"மாத்தி கா?" என்றார் ஹஃபீஸ் கீழிருந்து.
செத்துவிட்டதா?
"பெலூம்," என்றேன். இன்னும் இல்லை.

படிவத்தில் இரண்டே கட்டம்.
'அகற்றத் தேவையில்லை'யைத் தொட்டேன்.
காரணம் எழுத நாற்பது எழுத்துக்குத்தான் இடம்.
'உயிரோடு உள்ளன' என்று எழுதி
மிச்சத்தைக் காலியாக விட்டேன்.

நான்காம் நாள் மதியம் வானம் கறுத்தது.
மாலை ஐந்துக்கு உறங்குவதால்
மலாய்க்காரர்கள் 'புக்குல் லீமா' என்னும் மரம்
அன்று மூன்றுக்கே இலைகளை மடித்து
மழைக்கு வழி விட்டது.
கிளையில் எல்லாரும் குடித்தார்கள்.
காற்று சட்டென்று குளிர்ந்தது.
ஆர்க்கிட் அந்தக் குளிரிலிருந்து நாள் எண்ணத் தொடங்கியது,
நான் எண்ணவில்லை.

ஒன்பதாம் நாள் காலை
பாசிர் ரிஸ் முதல் பிடோக் வரை, மரத்துக்கு மரம்,
சொல்லிவைத்தாற்போல் வெள்ளை.
67ஆம் எண் பேருந்துக்கு நின்றவர்கள்
வாசம் எங்கிருந்து வருகிறதென்று
ஒருவர் சட்டையை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஒரே ஒரு நாள்.
மறுநாள் எல்லாம் துவண்டு
நிறுத்தத்தின் கூரைமேல் ஈரத்தாளாய் ஒட்டிக் கிடந்தன.

பத்து மணிக்கு அலைபேசி அதிர்ந்தது.
புதிய புகார். அதே கட்டைவிரல்.
"மரத்தில் செத்த பூக்கள்."