உதறிய உப்பு

மீட்டரைக் கிணற்று நீரில் நனைத்தேன்.
நாலாயிரத்து இருநூறு.
"போன மாசத்துக்கு எறங்கிகீதா சார்?"
என்றார் ஏகாம்பரம்.
அவர் தென்னைகள் முன்பே சொல்லிவிட்டிருந்தன,
மட்டை நுனி கருகி.

அவர் கிணற்றைக் கெடுத்த தோல்தான்
அவர் மருமகளுக்கு
ஏழாம் தேதி சம்பளம்.
ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைக்கிறாள்.
எனக்கும் அதே தொட்டியிலிருந்துதான் சம்பளம்.
சுத்திகரிப்பு நிலையத்தில்
தண்ணீர் பார்க்கிறவன் நான்.

போன வருடம் வழக்கு ஜெயித்தது,
கேட்டுக்கு முத்திரை வைத்தார்கள்.
அறுபத்தொரு நாள் ஊறல் தொட்டிகள் காய்ந்தன.
அறுபத்தொரு நாளும் கிணறு உப்பாகவே இருந்தது.
மளிகைக்கடை நோட்டு மட்டும் தடித்தது.
மூன்று பேர் பெங்களூருக்கு மூட்டை தூக்கப் போனார்கள்,
இரண்டு பேர் திரும்பினார்கள்.
என் படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை.

பிறகு சென்னையிலிருந்து ஒருவர் வந்தார்.
பேர்ணாம்பட்டு கல்யாண மண்டபத்தில்
வெள்ளைப் பலகையில் மூன்று வட்டம் போட்டார்.
ஆறு ஒன்று, காசு ஒன்று, மனுசர் ஒன்று.
மூன்றும் ஏறிக்கொள்ளும் இடத்தில் பச்சை அடித்தார்.
தோல் வரும்போதே உப்போடு வருகிறது,
ஊறப்போடும் முன் உதறுங்கள்,
உதறிய அளவு ஆற்றுக்குப் போகாது என்றார்.
சரியாகத்தான் சொன்னார்.
அந்தப் பச்சைக்குள் நின்று
உதறப்போவது யார் என்று
யாரும் கேட்கவில்லை. நானும்.

பூங்காவனம் நின்றாள்.
எஸ்தர், தேசம்மா, இன்னும் நாலு பேர்.
ஆளுக்கொரு முனை பிடித்து
மரச்சட்டத்தில் அடித்தார்கள், ஒவ்வொரு தோலாக.
உப்பு எழும்பி
இமையில் உட்கார்ந்தது,
விரல் வெடிப்பில் இறங்கியது.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்கிறார்கள்.
உதறியவரை எவ்வளவு நாள் நினைப்பது
என்பதற்குப் பழமொழி இல்லை.

நாலாவது வாரம் கேட்டில் உட்கார்ந்துவிட்டார்கள்.

முதலாளி முனவ்வர் வெளியே வந்து
நின்றபடியே கேட்டார்:
"தோலுக்கு ரெண்டு ரூபா ஏறும்மா.
அந்த ரெண்டு ரூபாவ
இத்தாலிக்காரன் தருவானா?"
நியாயமான கேள்வி.
பதில் இத்தாலியில் இருந்தது.

பூங்காவனம் சொன்னாள்:
"இத்தாலி எந்தப் பக்கம்னு எங்களுக்குத் தெரியாதுண்ணா.
கைக்கு உறை வேணும், கண்ணுக்குக் கண்ணாடி வேணும்,
கூலியில நாப்பது ரூபா கூட வேணும்.
முடியலன்னா
ஆத்தையே வந்து உதறிக்கச் சொல்லு."

வழக்குப் போட்ட ஏகாம்பரம்
எட்டு இளநீரோடு வந்து
அவர்கள் பக்கத்தில் துண்டு விரித்தார்.
"இனிக்காது. குடிங்க" என்றார்.
முனவ்வருக்கும் ஒன்று வெட்டினார்.
அவர் ஒரு வாய் குடித்து
முகம் சுளிக்காமல் இருக்கப் பார்த்தார்.

முப்பது ரூபாய்க்கு முடிந்தது.
கையுறைகள் வந்தன, ஆண்கள் அளவில்.
எஸ்தர் மணிக்கட்டில் நூல் சுற்றிக்கொள்கிறாள்.
கண்ணாடியில் ஆவி படிகிறது.
உதறிய உப்பு நூற்றுப் பத்து மூட்டை,
கொட்டகையில் அடுக்கியிருக்கிறது.
அதை என்ன செய்வதென்று
மூன்று வட்டக்காரர் இன்னும் பதில் போடவில்லை.
ஐப்பசி மழைக்கு முன் தார்ப்பாய் வாங்க வேண்டும்.
கொட்டகைக்கு நேர் கீழே மலட்டாறு.

இந்த மாதம் நாலாயிரத்து நூற்றெழுபது.
மீட்டரின் பிழையே ஐம்பது வரும்.
அதையும் சேர்த்தே சொன்னேன்.
ஏகாம்பரம் கொஞ்சம் யோசித்துவிட்டு
"ஏறல இல்ல?" என்றார்.

மாலையில் பூங்காவனம்
என் மேஜை ஓரம் வந்தாள்.
மாதிரிக் குவளையில் மீட்டர் நின்றிருந்தது.
உறையைக் கழற்றி
ஒரு விரலைத் தண்ணீரில் வைத்தாள்.
எண் குபுக்கென்று ஏறியது.
"அய்ய, என் விரல்லயே இவ்ளோ கீதா?"
என்று சிரித்தாள்.
விரலை எடுத்த பிறகும்
எண் இறங்கவில்லை.