புறவிசை ஏதும் செயல்படாதபோது

கேள்வி முப்பத்து மூன்று. விரிவாக விடையளி. ஏழு மதிப்பெண்.
நேர்க்கோட்டு உந்த அழிவின்மை விதியைக் கூறி
அதனை நிரூபிக்க.

கருங்கல் பள்ளிக்கூடம், மூன்றாவது பெஞ்ச்.
மின்விசிறி சுற்றுகிறது, காற்று பக்கத்து வரிசைக்கு.
விதியை மட்டும் எழுதிவிட்டு எழுந்தால் இரண்டு மார்க்.
மூன்று வருடம் முன்பு ரெஜின் அண்ணன் அப்படித்தான் எழுந்து போனான்.
அன்று கிள்ளியூரில் கால்பந்து.

நான் போகமாட்டேன். படம் வரைகிறேன்.
பெரிய வட்டம் A, சின்ன வட்டம் B,
ஒரே கோட்டில், ஒரே திசையில்.
காம்பஸ் இல்லை. ஜாமெட்ரி பாக்ஸை
ஆசாரிப்பள்ளத்தில், எலும்பு வார்டு ஜன்னலில் விட்டுவிட்டேன்.
பெரியதற்குத் தண்ணீர் பாட்டில் மூடி,
சின்னதற்குப் பேனா மூடி.

A-யின் நிறை m₁.
கல் ஏற்றி, தார்ப்பாய் கட்டாமல்,
இருட்டும் முன்பு களியக்காவிளை தாண்டும் அவசரத்தில்.
B-யின் நிறை m₂.
அண்ணன், அண்ணனுடைய பைக்,
பெட்ரோல் டேங்க் மேல் சாக்குப்பையில் ஐந்து கிலோ மரச்சீனி.

தொடக்கத் திசைவேகங்கள் u₁, u₂.
u₁ > u₂ என்று கட்டாயம் போடவேண்டும்,
போடாவிட்டால் மோதலே நடக்காது என்பார் புளோரா டீச்சர்.
போட்டேன்.
B ஏன் மெதுவானது என்று கேள்வியில் இல்லை.
திக்கணங்கோடு தாண்டி அந்த வளைவில் ஒரு குழி,
ஐப்பசி மழை அதை ரோட்டு மட்டத்துக்கு நிரப்பி
ஒன்றும் இல்லாததுபோல் வைத்திருந்தது.

t கால இடைவெளியில் அவை மோதிக்கொள்கின்றன.

ஒரே வரி.
அடுத்த வரிக்குப் பேனா போக மறுக்கிறது.
t மிகச் சிறியது என்று எழுதலாம்.
அம்மாவுக்கு போன் வந்தது அந்தி ஜெபத்தின் நடுவில்.
மீதி ஜெபத்தை அவள் இன்னும் சொல்லவில்லை.

A, B-யின் மீது செலுத்தும் விசை.
B, A-யின் மீது செலுத்தும் விசை.
சமம், எதிர். மூன்றாம் விதி.
கட்டிலுக்கு அடியில் பாய் விரித்து
இதை மனப்பாடம் செய்தபோது நான் நம்பவில்லை.
ஒருத்தன் தொடையில் ஸ்டீல் கம்பி,
மற்றதின் பம்பரில் ஒரு கீறல்.
மேலேயிருந்து அண்ணன் எட்டிப் பார்த்தான்.
“அப்பம் எனக்க காலு கணக்குல வராதா பிள்ளே?”
வராது. உந்தம் மட்டும்தான் அழியாது என்கிறார்கள்.
கால் பற்றி ஒருவரும் உறுதி தரவில்லை.

ஏழாம் நாள் டிரைவர் வந்தார், பெயர் யேசுவடியான்.
ஒரு சீப்பு மட்டிப்பழம்.
அதைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு
உட்காரவும் இல்லை, போகவும் இல்லை.
கை நடுங்க நடுங்க பிளாஸ்டிக் பை சரசரத்தது.
அதற்கு எந்தக் குறியீடு?
மோதலுக்குப் பின் A, v₁ திசைவேகத்தில் செல்கிறது.
அந்த வளைவில் இப்போது இரண்டாம் கியரில் போகிறாராம்.

m₁u₁ + m₂u₂ = m₁v₁ + m₂v₂

பெட்டி கட்டினேன்.
இன்னும் ஐந்து நிமிடம் என்று சொல்லி சூப்பர்வைசர் நூல் நீட்டுகிறார்.
அப்போதுதான் கண்ணில் பட்டது,
விதியின் தலையில் இருக்கவேண்டியதை விட்டிருக்கிறேன்:
புறவிசை ஏதும் செயல்படாத வரை.
அதற்கு ஒரு மார்க் வெட்டுவார்கள்.
இடமில்லை. அம்புக்குறி போட்டு
ஓரத்தில் நுணுக்கி எழுதினேன்.
குழி இல்லாத, மழை இல்லாத,
‘எங்க நிக்க, வேகம் வா’ என்று
தங்கச்சி போன் பண்ணாத ஒரு ரோட்டில்
என்று எழுதவில்லை.

சாயங்காலம் வார்டில்
பாக்ஸை எடுத்துத் தந்துவிட்டுக் கேட்டான்:
“எனக்க கேள்வி வந்துதா?”
“வந்துது.”
“எத்தன பக்கம்?”
“மூணு.”
“தீந்துதா?”
நூலை இழுத்து முடிச்சுப் போட்ட விரலில்
சிவப்பாக ஒரு கோடு.
நான் அதையே தடவிக்கொண்டிருந்தேன்.