ஒன்பதாயிரத்து இருநூறு மீட்டர்

என் கருவி அடியில் பேசும்.
குய்யாங் கட்டுப்பாட்டறை மீட்டரில் பேசும்.
நடுவே ஓர் அட்டை,
மூலை மடங்கி, காபிக் கறையோடு:
ஒன்பதாயிரத்து இருநூறென்றால்
முப்பதாயிரத்து நூறு.
மூன்று வருடமாக
அந்த அட்டையின் நடுக்கோட்டில்தான்
குடியிருக்கிறேன்.

அலைவரிசையில் எல்லோரும் மாண்டரினில்.
எங்கள் விமானத்தின் எண் வந்ததும்
வானம் தொண்டையைச் செருமிக்கொண்டு
ஆங்கிலத்துக்கு மாறும்,
மெதுவாக, ஒவ்வோர் எண்ணாக,
விருந்தாளிக்குத் தனித்தட்டு வைப்பதுபோல.
சொல்லி முடித்ததும்
மறுபடி பந்தி களைகட்டும்.

யார் இறங்குகிறார்கள், யார் சுற்றுகிறார்கள்,
எந்த மேகம் எவரைக் குலுக்கியது,
எதுவும் எனக்கில்லை.
வலது இருக்கையில் வெய் யூன்
தேவையானதை மட்டும் கிள்ளித் தருவாள்:
"முன்னால் போனவருக்கு ஐஸ் பிடித்ததாம், கேப்டன்."
இவ்வளவு நேரம் பேசியது அவ்வளவுதானா?
"மற்றது சும்மா."

அந்தச் சும்மாவுக்குத்தான் ஏங்கினேன்.

நான் மரகைபோக்காரன்.
எங்கள் ஏரிக்கு மேலே விடிய விடிய மின்னல்;
விளக்கே இல்லாமல் இறங்குவோம் என்று
பீற்றிக்கொள்வோம்.
பிறகு விமானங்கள் ஒவ்வொன்றாக
டயரில்லாமல், உதிரிபாகமில்லாமல்
புல் முளைக்க நின்றன.
மனைவி லிஸ்பெத் இப்போது சாந்தியாகோவில்
ஒரு பல் மருத்துவரின் வரவேற்பறையில்.
அங்கே குளிர்காலமென்றால்
எங்களுக்குள் சரியாகப் பன்னிரண்டு மணி நேரம்.
கடிகார முள்ளைத் தொடவே வேண்டாம்.
அவளுக்கும் ஏழு பத்து, எனக்கும் ஏழு பத்து.
அவள் பல் துலக்குகிறாள்,
நான் பூட்ஸைக் கழற்றுகிறேன்.

இங்கே மழை மட்டும்,
சத்தமில்லாமல், நூல் நூற்பதுபோல.
மூன்று நாள் சேர்ந்தாற்போல் வெயிலடிக்காது என்று
உள்ளூர்க்காரர்களே சொல்லிச் சிரிப்பார்கள்.
குடியிருப்புக்குக் கீழே கடை வைத்திருக்கும் திருமதி பான்
புளித்த மீன் குழம்போடு
ஏதோ ஒரு வேரை நறுக்கித் தருவார்,
மீன் கவிச்சியே வேராய் முளைத்ததுபோல.
முதல் வருடம் பொறுக்கி ஒதுக்கினேன்.
இரண்டாம் வருடம் ஒதுக்க மறந்தேன்.

நவம்பரில் ஒரு காலை.
ஓடுதளம் பனிக்குள்.
ஏழு விமானங்கள் அடுக்கடுக்காக
வட்டமடித்துக்கொண்டிருந்தோம்.
ஒரு வயதான குரல் ஏதோ கேட்டது.
கட்டுப்பாட்டறைப் பெண் பதில் சொன்னாள்.
சொற்கள் என் காதில் விழுந்தன,
விழுந்தவை உடையவில்லை:

"கீழே ஏதாவது தெரிகிறதா, தங்கச்சி?"
"பால்கனியில் போட்ட துணிகூடத் தெரியவில்லை."
"அப்படியானால் அது காயவும் இல்லை."

சிரித்துவிட்டேன்.
வெய் யூன் திரும்பினாள்,
சுங்க அதிகாரி பெட்டியைப் பார்க்கும் பார்வை.
"புரிந்ததா?"
"துணி," என்றேன்.

அடுத்த வட்டம் முழுக்க
உதட்டைக் கடித்தபடி எரிபொருள் கணக்குப் பார்த்தோம்.
பிறகு சோங்சிங்குக்குத் திருப்பினோம்.
பயணிகள் திட்டினார்கள்.
திட்டு மட்டும் எனக்கு முதல் வருடமே புரியும்.

டிசம்பரில் கடிதம், இரு மொழிகளில்.
உள்ளூர்க் கேப்டன்கள் போதுமான அளவு தேறிவிட்டார்கள்,
ஒப்பந்தம் நீட்டிக்கப்படாது, நன்றி.
தேறியவர்களில் வெய் யூனும் ஒருத்தி.
அவள் படிவத்தில் கையெழுத்திட்டது நான்தான்.
மனதாரத்தான்.
கொஞ்சம் வயிறெரிந்ததும் நிஜம்.

கடைசி இறக்கம்.
அதே பெண் குரல்
கோபுரத்தின் அலைவரிசைக்கு மாறச் சொன்னது.
இரண்டு வாரம் குளியலறையில் ஒத்திகை பார்த்ததை
மாண்டரினில் கேட்டேன்:
"துணி காய்ந்துவிட்டதா?"

இரண்டு விநாடி ஒன்றுமில்லை.
"மறுபடி சொல்லுங்கள்"
ஆங்கிலத்தில். விதிப்படி.

எண்களை ஒழுங்காகத் திருப்பிச் சொன்னேன்.

அப்போது வெய் யூன் தன் பொத்தானை அழுத்தி
நீளமாக ஏதோ பேசினாள்.
பனிக்குள் எங்கோ ஒருவர் சிரித்தார்,
இன்னொருவர்.
பிறகு அந்தப் பெண்ணும்.

"என்ன சொன்னாய்?"

"சும்மா."

சக்கரம், என்றேன்.
மூன்று பச்சை விளக்கு.